கடைசியாக வரும் பிள்ளைக்கும் புள்ளி: மலைச் சைக்கிள் லீக்கின் வரலாறும் எமது மாத்தளையும்

  இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

ஆசிரியர்களான நாங்கள் ஒவ்வொரு வருடமும் பார்க்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. கிரிக்கெட்டுக்கு 11 பேர். உதைபந்தாட்டத்துக்கு 11 பேர். கரப்பந்தாட்டத்துக்கு 6 பேர். மாற்று வீரர்களையும் வயதுப் பிரிவுகளையும் சேர்த்துக் கூட்டினாலும், ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையில் பாடசாலையின் பெயர் பொறித்த ஜேர்சியைப் போடுவது ஒரு சிறு கூட்டம்தான். மற்றவர்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டுகிறார்கள். கைதட்டவும் வராத பிள்ளைகளைத்தான் பிறகு நாம் பஸ் தரிப்பிடத்திலும் கடைச்சந்தியிலும் காண்கிறோம்.

இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்டுக் காட்டியவர் அமெரிக்காவில் ஒரு கணித ஆசிரியர். அவர் எடுத்துக்கொண்ட விளையாட்டு மலைச் சைக்கிள். ஒரு பாடசாலையில் தொடங்கிய அந்த முயற்சி சுமார் இருபது வருடங்களில் 20,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் ஓடும் லீக்காக வளர்ந்தது. மலையும், மலைப்பாதையும், சைக்கிள் விட ஆசையுள்ள பிள்ளைகளும் எமது மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ஆகவே அந்த வரலாற்றை எமது பாதைகளின் வரலாற்றோடு சேர்த்து இன்று எழுதுகிறோம்.

தவளம் போன பாதை

முதலில் எமது பாதைகள். கண்டி இராச்சிய காலத்தில் பொதிமாட்டுப் போக்குவரத்தைக் கவனிக்க ‘மடிகே பத்த’ என்ற நிர்வாகப் பிரிவு இருந்தது. அதில் பெரும் பங்கு வகித்தவர்கள் முஸ்லிம்கள். மாட்டின் முதுகில் இரு பக்கமும் பொதியைத் தொங்கவிட்டு, மாடுகளை வரிசையாக நடத்திச் செல்வதே தவளம். பாக்கும் மிளகும் மலையில் இருந்து கரையோரத்துக்குப் போயின. உப்பும் கருவாடும் துணியும் மலைக்கு வந்தன. கரையோரம் அந்நியர் கையில் இருந்த காலத்தில் மலைநாட்டு வீடுகளின் உப்புச்சட்டி இந்தத் தவளக்காரரை நம்பியே இருந்தது. பேராசிரியை லோனா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் பற்றி 1994இல் வெளியிட்ட நூலில் இந்த வரலாற்றை எழுதியிருக்கிறார். எமது பிள்ளைகள் வாசிக்க வேண்டிய நூல் அது.

பிறகு கோப்பி வந்தது. தென்னிந்தியாவில் இருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். மிஞ்சி வந்தவர்களின் கைகள்தான் மலைச்சரிவுகளில் தோட்டத்துப் பாதைகளை வெட்டின.

சிங்கள மக்களுக்கும் இந்தப் பாதைகளில் ஒரு பங்கு உண்டு. 1848இல் வெள்ளையர் கொண்டுவந்த வீதிச் சட்டம், ஆண்கள் ஒவ்வொருவரும் வருடத்தில் 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் 3 ஷிலிங் கட்ட வேண்டும் என்றது. அந்த வருடம் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கான காரணங்களில் இந்தச் சட்டமும் ஒன்று. புரன் அப்புவின் பெயரை எமது பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். அவர் எழுந்ததற்குப் பின்னால் வீதியின் கதையும் இருக்கிறது என்பதை நாம் வகுப்பில் சொல்ல மறந்துவிடுகிறோம்.

ஆக, எமது மலைப்பாதை ஒவ்வொன்றிலும் முஸ்லிம்களின் மாடு நடந்திருக்கிறது, தமிழரின் மண்வெட்டி விழுந்திருக்கிறது, சிங்களவரின் வியர்வை சிந்தியிருக்கிறது. 1880இல் ரயில் மாத்தளைக்கு வந்தது. சரக்கு ரயிலுக்கும், பின்னர் லொறிக்கும் மாறியது. மலைக்குள் இருந்த சிறு பாதைகள் மட்டும் அப்படியே கிடந்தன.

அந்தப் பாதைகளில் அடுத்து வந்தது சைக்கிள். ரலி, ஹம்பர் சைக்கிள்களில் மீனும் பாணும் புடைவையும் ஊர் ஊராகப் போன காலத்தை எமது மூத்தவர்கள் நன்றாக அறிவார்கள். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போய், இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடி வருவதுதான் மலைநாட்டு முறை. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் எமது நாட்டுக்காக மொறிஸ் குமாரவேல் சைக்கிள் ஓட்டினார். ஆனால் மலைநாட்டில் சைக்கிள் தொழிலுக்கான வண்டியாகவே இருந்தது. அதைப் பாடசாலை விளையாட்டாக யாரும் நினைக்கவில்லை.

கிரீஸ் புகைந்த மலை

மலைச் சைக்கிள் என்ற விளையாட்டும் பழைய சைக்கிளில் இருந்துதான் பிறந்தது. 1970களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் என்ற மலைப்பகுதியில், சில இளைஞர்கள் 1930, 40களில் செய்யப்பட்ட பாரமான பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, தடித்த டயர் போட்டு, மலைப்பாதையில் இறங்கத் தொடங்கினார்கள்.

1976 ஒக்டோபர் 21ஆம் திகதி ஃபெயார்ஃபக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகில் முதல் பந்தயம் நடந்தது. பாதையின் நீளம் ஏறத்தாழ 3 கிலோமீற்றர்தான். ஆனால் அதற்குள் சுமார் 400 மீற்றர் செங்குத்தாக இறங்க வேண்டும். அந்தப் பழைய சைக்கிள்களுக்குப் பின்சில்லின் உள்ளே பிரேக் இருந்தது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் அது பிடிக்கும். ஒருமுறை மலை இறங்கி முடிவதற்குள் பிரேக் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் முழுவதும் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் சில்லைக் கழற்றிப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பது என்ற பொருளில் அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சார்லி கெல்லி பந்தயத்தை ஒழுங்கு செய்தார். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் போன்றவர்கள் ஓட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணும் இருந்தார். வெண்டி கிராக் என்ற அவர் தாமும் ஓட்டினார், எல்லாவற்றையும் படமும் எடுத்தார். இன்று அந்தக் காலத்தை நாம் படங்களில் பார்க்க முடிகிறது என்றால் அதற்கு முக்கிய காரணம் அவரே.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. மலைக்கென்றே தனியாகச் சட்டகம் செய்தார்கள். 1981இல் தொழிற்சாலையில் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட மலைச் சைக்கிள் கடைக்கு வந்தது. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் உலகச் சம்பியன்ஷிப் நடந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளும் இடம்பிடித்தது. பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒன்று இருபது வருடத்தில் ஒலிம்பிக் வரை போய்விட்டது. ஆனால் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. பெரியவர்களின் பந்தயத்தில் ஒரு மூலையில் நின்று ஓடிவிட்டு வருவதுதான் அவர்களுக்குக் கிடைத்தது.

பெர்க்லியின் கணித ஆசிரியர்

அந்த இடத்தில்தான் மெட் ஃபிரிட்சிங்கர் வருகிறார். அவர் கலிபோர்னியாவில் பெர்க்லி உயர்நிலைப் பாடசாலையின் கணித ஆசிரியர். 1998இல் தார்வீதியில் ஓடும் சைக்கிள் குழு ஒன்றைத் தன் பாடசாலையில் தொடங்க நினைத்தார். வந்த பிள்ளைகளிடம் இருந்ததோ மலைச் சைக்கிள். உங்களிடம் சரியான சைக்கிள் இல்லை என்று அவர் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளைகளிடம் எது இருக்கிறதோ அதிலேயே தொடங்கினார். பக்கத்துப் பாடசாலைகளும் சேர்ந்தன. 2001இல் வட கலிபோர்னியா உயர்நிலைப் பாடசாலை மலைச் சைக்கிள் லீக் உருவானது.

2009இல் அதை நாடு முழுவதும் கொண்டுபோக ‘நைக்கா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாடசாலைகளுக்கிடையிலான தேசிய சைக்கிள் சங்கம் அமைக்கப்பட்டது. மாநிலத்துக்கு மாநிலம் லீக்குகள் பிறந்தன. பத்து வருடத்தில் அது சுமார் 30 மாநிலங்களுக்குப் பரவியது. இடைநிலை வகுப்புப் பிள்ளைகளும், அதாவது எமது தரம் 6 வயதில் இருந்தே, சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள்.

வட கலிபோர்னியா லீக்கில் ஓடிய கேட் கோர்ட்னி என்ற மாணவி 2018இல் மலைச் சைக்கிள் உலகச் சம்பியன் ஆனார். அமெரிக்கர் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்று 17 வருடங்கள் ஆகியிருந்தன. இது பெருமைக்குரிய செய்திதான். ஆனால் எங்களைக் கவர்ந்தது அந்த லீக் எழுதிவைத்த விதிகள். ஒரு லீக்கின் குணம் அங்கேதான் தெரிகிறது.

யாரை எண்ணுவது?

முதலாவது விதி: வெளியே உட்காரும் மாற்று வீரர் என்று எவரும் இல்லை. பதிவு செய்த பிள்ளை ஒவ்வொன்றும் ஓடும். தேர்வு வைத்து வடிகட்டுவது கிடையாது. பந்தயத்தை முடிக்கும் ஒவ்வொருவருக்கும் புள்ளி உண்டு, கடைசியாக வருபவருக்கும் கூட. முதலாவதாக வந்தவரின் புள்ளி கூட என்பது உண்மை. ஆனால் 40ஆவதாக வந்த பிள்ளை அடுத்த மாதம் 35ஆவதாக வந்தால் அதன் புள்ளியும் ஏறும். நேற்றைய தன்னைவிட இன்று ஓர் அடி முன்னேறுவதற்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

இரண்டாவது விதி: வகுப்புக்கும் தேர்ச்சிக்கும் ஏற்பத் தூரம். பந்தயம் மலை இறங்கும் ஓட்டம் இல்லை. ஏற்றமும் இறக்கமும் கலந்த சில கிலோமீற்றர் நீளமான வட்டப்பாதை. சிறிய வகுப்புப் பிள்ளைகள் குறைந்த சுற்றும், பெரியவர்கள் கூடிய சுற்றும் ஓடுவார்கள். வட்டப்பாதை என்பதால் பெற்றோர் ஓரிடத்தில் நின்றே தம் பிள்ளையை ஒவ்வொரு சுற்றிலும் காணலாம். யாராவது விழுந்தாலும் உடனே தெரியவரும்.

மூன்றாவது விதி: குழுவின் புள்ளியில் பெண்பிள்ளைகள். ஒரு பாடசாலைக்காகக் கூட்டப்படும் புள்ளிகள் எல்லாமே ஆண்பிள்ளைகளுடையதாக இருக்க முடியாது. பெண்பிள்ளை இல்லாத குழு முழுப் புள்ளியை எட்டவே முடியாது. இந்த ஒரு விதி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். குழுத் தலைவனாக இருக்கும் பையன் தன் தங்கையையும் வகுப்புத் தோழியையும் சேரச் சொல்லிக் கெஞ்சுவான். அப்படியிருந்தும் அங்கே பெண்பிள்ளைகளின் பங்கு நீண்ட காலம் ஐந்தில் ஒன்றைச் சுற்றியே நின்றது. அதை உயர்த்துவதற்கென்று பிறகு தனித் திட்டமும் பெண் பயிற்றுவிப்பாளர்களும் தேவைப்பட்டார்கள். அமெரிக்காவிலேயே அப்படி என்றால் எங்களுக்கு வேலை எவ்வளவு இருக்கிறது என்று விளங்கும்.

நான்காவது விதி: கூட்டுக் குழு. இரண்டு மூன்று பிள்ளைகள் மட்டும் உள்ள சிறிய பாடசாலைகள் பக்கத்துப் பாடசாலைகளோடு சேர்ந்து ஒரே குழுவாக ஓடலாம். எமது பாடசாலையில் ஆள் இல்லை என்று ஒரு பிள்ளையும் வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

இவற்றோடு, பயிற்றுவிப்பாளர்கள் முதலுதவி கற்று அனுமதிபெற வேண்டும். பிள்ளைகளோடு பழகத் தகுந்தவர்தானா என்று அவர்களின் பின்னணியும் ஆராயப்படும். பிள்ளைகள் பாதைகளைத் திருத்தும் சிரமதானத்திலும் ஈடுபடுகிறார்கள். ஓடும் பாதையைத் தன் கையால் திருத்திய பிள்ளை அதில் குப்பை போடாது.

இந்த விதிகளில் ஒன்றுக்குக்கூடப் பெரிய பணம் தேவையில்லை. எண்ணப்படாமல் நின்றவர்களை, அதாவது மெதுவாக ஓடுபவரை, பெண்பிள்ளையை, சிறிய பாடசாலையை, கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். லீக் வளர்ந்ததற்கு எங்களுக்குத் தெரியும் காரணம் அதுதான்.

எமது மார்க்கத்தில் பந்தயம்

விளையாட்டு வீண் என்று எம்மவர் சிலர் சொல்வதுண்டு. அவர்களுக்கு ஒரு நபிமொழியை ஞாபகப்படுத்த விரும்புகிறோம். இப்னு உமர் (ரலி) அறிவிக்கும், புகாரியில் பதிவான செய்தி அது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு அல்ஹஃப்யா என்ற இடத்தில் இருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம் வைத்தார்கள். பயிற்றுவிக்கப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவில் இருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தூரம் வைத்தார்கள். பந்தயத்தில் கலந்துகொண்டவர்களில் தாமும் ஒருவர் என்று இப்னு உமரே சொல்கிறார்.

தகுதிக்கு ஏற்பத் தூரத்தைப் பிரிப்பது, பலமில்லாததையும் ஒதுக்காமல் அதற்கென்று ஒரு பந்தயம் வைப்பது, முடிவுக்கோட்டைப் பள்ளிவாசலில் வைப்பது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபியவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதும் எல்லோரும் அறிந்ததே. இதற்கு மேல் நாங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

வேறு மலைகள்

வசதி உள்ள நாட்டில் நடந்த கதை எங்களுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

தென்னாபிரிக்காவில் ஸ்டெலன்பொஷ் நகரை ஒட்டிக் கயமண்டி என்ற வறிய குடியிருப்பு இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் மலைச் சைக்கிள் வீரர் கிறிஸ்டோஃப் சவுசர் 2008இல் உலகச் சம்பியன் ஆனார். அதே வருடம் அவர் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த சொங்கோ ஃபிபாஸா என்ற நண்பரோடு இணைந்து அங்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பாடசாலை விட்டபின் பிள்ளைகள் அங்கே வருவார்கள். சைக்கிள் பயிற்சியும் உண்டு, பாடமும் உண்டு. சைக்கிள் வாங்க வசதியில்லாத பிள்ளை பொதுச் சைக்கிளில் பழகலாம்.

நேபாளத்தில் ராஜேஷ் மகர் என்ற பையன் சிறுவயதில் பழைய இரும்புச் சாமான்களைச் சேர்த்துத் தனக்கொரு சைக்கிள் செய்து ஓட்டிப் பழகினான். வளர்ந்து அந்நாட்டின் மலை இறக்கச் சம்பியன் ஆனான். 2018இல் அவனைப் பற்றி ஒரு குறும்படமும் வந்தது. ஆனால் இதில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒரு ராஜேஷ் தன் முயற்சியால் மேலே வந்தான். லீக் இல்லாத இடத்தில் ஒருவர் இருவர்தான் வர முடியும்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். 2023 ஒக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சம்பியன்ஷிப் கேரளாவில், திருவனந்தபுரத்துக்கு மேலே உள்ள பொன்முடி மலையில் நடந்தது. தேயிலையும் பனியும் வளைந்து ஏறும் பாதையுமாக, படத்தில் பார்த்தால் எல்கடுவ என்றுதான் சொல்வீர்கள். பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி தேடி ஆசிய வீரர்கள் ஓடிய களம் அது. அங்கே நடக்கும் என்றால் இங்கே நடக்காததற்கு மலை காரணம் இல்லை.

புதுக்கோட்டையும் எமது பெண்பிள்ளைகளும்

பெண்பிள்ளைகள் என்றதும் எமது கூட்டங்களில் ஓர் அமைதி வரும். சின்ன வயதில் சைக்கிள் விட்ட பிள்ளை பெரியபிள்ளையானதும் சைக்கிள் தம்பிக்குப் போய்விடும். யாரும் தடை என்று சொல்வதில்லை. அப்படியே நின்றுவிடும்.

எமது மாவட்டத்துத் தோட்ட உறவுகள் பலரின் பாட்டன்மார் புறப்பட்டு வந்த ஊர்களில் ஒன்று தமிழ்நாட்டின் புதுக்கோட்டை. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்க வேண்டும் என்று முடிவெடுத்தார். வயல்வேலைப் பெண்களும், கல்லுடைக்கும் பெண்களும், தாதியரும், ஆசிரியைகளும் மாலை நேரங்களில் மைதானத்தில் விழுந்து எழுந்து பழகினார்கள். கேலி பேசியவர்கள் பேசினார்கள். பெண்கள் ஓட்டும் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோக, ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் உள்ள குறுக்குக் கம்பியில் பிள்ளையை இருத்தலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

பத்திரிகையாளர் பி. சாயிநாத் இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அதில் முன்னுக்கு நின்றவர்களில் இளம் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள் என்பது அவரது பதிவு.  மானம் போகவில்லை, மார்க்கம் போகவில்லை. தண்ணீர் எடுக்கவும், சந்தைக்குப் போகவும், பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுபோகவும் இன்னொருவர் கையைப் பார்த்து நிற்கும் நிலைதான் போனது.

முழுக்கை மேற்சட்டை, நீளக் காற்சட்டை, தலைக்கவசத்துக்குள் ஸ்கார்ஃப், பெண்பிள்ளைகளுக்குத் தனியான புறப்பாட்டு நேரம், பொறுப்புக்கு ஆசிரியைகள். இவை எல்லாம் செய்யக்கூடியவை. செய்ய வேண்டுமா என்பதைப் பெற்றோர்களாகிய நாம் பேசித் தீர்மானிக்க வேண்டும். பேசாமல் விடுவதும் ஒரு தீர்மானம்தான். அதன் விலையை எமது பெண்பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

மாத்தளையில் என்ன செய்யலாம்?

மாத்தளை நகரில் இருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் வரை சுமார் 30 கிலோமீற்றர். அதற்குள் 1,000 மீற்றருக்கும் மேல் ஏறிவிடுகிறோம். இப்படி ஒரு மலை வேறு நாட்டில் இருந்தால் அங்கே எப்போதோ சைக்கிள் பாடசாலை வந்திருக்கும். ஆனால் ரிவர்ஸ்டன் பக்கம் பந்தயம் வைக்கச் சொல்லவில்லை. நக்கிள்ஸ் காடு பாதுகாக்கப்பட்ட வனம். 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. அதன் மண்ணும் செடியும் சில்லுக்கு ஈடுகொடுக்காது. அங்கே அட்டைக்கும் ஓய்வு வேண்டும்!

எங்களுக்குப் பொருத்தமானவை தோட்டத்து உள்பாதைகள். பொதி சுமந்து ஏறுவதற்கென்றே சரிவு பார்த்து வெட்டப்பட்டவை. வாகனம் குறைவு. தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு 3, 4 கிலோமீற்றர் வட்டப்பாதை ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை.

காலம் முக்கியம். வடகீழ்ப் பருவமழை எமது மலைகளில் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். மண்சரிவு அபாயமுள்ள மாதங்களில் பிள்ளைகளை மலைக்கு அனுப்பக்கூடாது. மழை ஓய்ந்த இரண்டாம் தவணையே பொருத்தம். ஒரு தவணையில் நான்கு சனிக்கிழமைகள் போதும். தொழுகை நேரத்தையும் தனியார் வகுப்புகளையும் பார்த்து, காலையிலேயே முடித்துவிடலாம்.

சைக்கிள் இல்லாத பிள்ளை? 2022 எரிபொருள் நெருக்கடி ஞாபகம் இருக்கும். வரிசையில் நின்று களைத்து, எத்தனை பேர் பரணில் கிடந்த பழைய சைக்கிளை இறக்கினோம்! பெற்றோல் வந்ததும் மறுபடி பரணில் ஏற்றினோம். அவற்றைத் திருத்தினால் பாடசாலைக்குப் பத்துச் சைக்கிள் தேறும். ஒரு சைக்கிளில் மூன்று பிள்ளைகள் வெவ்வேறு பிரிவுகளில் ஓடலாம். புதிய கியர் சைக்கிளின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. ஆகவே விலைகூடிய சைக்கிள்களுக்குத் தனிப் பிரிவு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாப்பாவின் பணப்பைக்கும் வாப்பாவின் பணப்பைக்கும்தான் பந்தயம் நடக்கும்.

பயத்தையும் மறைக்க வேண்டாம். விழுவார்கள், முழங்கால் உரசும், சில வேளை கை முறியும். ஆகவே தலைக்கவசமும் பிரேக் பரிசோதனையும் கட்டாயம். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம், முதலுதவிக் குழு, அம்புலன்ஸ் வரக்கூடிய பாதை, காப்புறுதி, வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி எல்லாம் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பந்தயம் நடக்கக்கூடாது. ஆனால் இதே வயதுப் பிள்ளைகள் லைசன்ஸும் தலைக்கவசமும் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் மூன்று பேராகப் பறப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். ‘ஐஸ்’ எந்த வயதில் எமது வீதிகளுக்கு வந்துவிட்டது என்பதும் எங்களுக்குத் தெரியும். பிள்ளையின் வேகத்துக்கும் துணிச்சலுக்கும் நாம் ஓர் இடம் கொடுக்காவிட்டால் வேறு யாரோ கொடுப்பார்கள்.

கடைசியாக, கூட்டுக் குழு. எமது ஊர்களில் ஒரே வீதியில் சிங்களப் பாடசாலையும் தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் இருக்கின்றன. பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள், வெவ்வேறு வாயில்களால் உள்ளே போகிறார்கள். பதின்மூன்று வருடம் படித்து முடித்தும் பக்கத்துப் பாடசாலையில் ஒரு நண்பன் இல்லாமல் வெளியேறுகிறார்கள். 2018 மார்ச்சில் எமக்குப் பக்கத்தில், திகனையில், என்ன நடந்தது என்பதை யாரும் மறக்கவில்லை. 2019க்குப் பின் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையையும் மறக்கவில்லை. நல்லிணக்கக் கூட்டங்கள் நிறைய நடந்தன. மேடையில் பெரியவர்கள் பேசினார்கள், பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து கேட்டார்கள்.

மூன்று பாடசாலைகள் சேர்ந்து ஒரு குழு என்று விதி வைத்தால், டியூப் வெடித்த பிள்ளைக்குப் பம்ப் கொடுப்பது யார் என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். கடைசியாக வரும் மற்றப் பாடசாலைப் பிள்ளையின் புள்ளியும் தமது புள்ளி என்பதால், முடிவுக்கோட்டில் நின்று கத்துவார்கள். மூன்று சமூகமும் சேர்ந்து உண்டாக்கிய பாதைகள் இவை. அந்தப் பாதைகளில் மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் ஒரு குழுவாக ஓடுவதை நாம் இன்னும் காணவில்லை.

பெர்க்லியில் அந்த ஆசிரியர் சரியான சைக்கிள் வரும்வரை காத்திருக்கவில்லை. நாமும் சிறிதாகத் தொடங்கலாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் ஒரேயொரு விடயத்தைச் சேர்த்துக்கொள்வோம்: எமது பாடசாலையில் சைக்கிள் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர், சைக்கிள் இல்லாமல் ஆசை மட்டும் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர்? ஆண், பெண் என்று இரண்டு நிரல் போட்டு எண்ணுவோம். பக்கத்து இரண்டு பாடசாலைகளின் அதிபர்களையும் சந்தித்து அதே கணக்கைக் கேட்போம். பழைய மாணவர்கள் தங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பார்க்கட்டும். சைக்கிள் திருத்தத் தெரிந்த நானாமார் ஒரு சனிக்கிழமை காலையைத் தரட்டும்.

இன்ஷா அல்லாஹ், அந்தக் கணக்கு கைக்கு வந்ததும் அடுத்த பதிவில் அதையே எழுதுகிறோம்.